ஒரு கதவு, இரண்டு சாவி!
பொதுக் கம்ப்யூட்டரைக் காக்கும் ஆறு இலக்க ரகசியம்

2020-ம் ஆண்டு மே மாதம். கொரோனாவுக்குப் பயந்து உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த சமயம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ சர்வகலாசாலையில் 'ஆர்ச்சர்' என்று ஒரு ராட்சதக் கம்ப்யூட்டர் இருந்தது. பிரிட்டன் முழுவதிலும் உள்ள விஞ்ஞானிகள் தத்தம் இடத்தில் இருந்தபடியே அதில் கணக்குப் போட்டு வந்தார்கள். அந்த மே 11-ந் தேதி திடீரென்று அதன் கதவை அடைத்து விட்டார்கள். அதே வாரத்தில் ஜெர்மனியிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் இருந்த பெரிய கம்ப்யூட்டர்கள் பலவும் மூடப்பட்டன.

காரணம்? கள்வர்கள் புகுந்து விட்டார்கள்!

அவர்கள் கன்னம் வைக்கவில்லை; ஓட்டைப் பிரிக்கவில்லை. உரிமையுள்ளவர்களின் நுழைவு ரகசியங்களைத் திருடிக் கொண்டு, வீட்டுக்காரரைப் போலத் தலைவாசல் வழியாகவே வந்தார்கள். ஒரு நிலையத்தில் நுழைந்தவர்கள் அங்கிருந்து மற்றொன்றுக்குத் தாவினார்கள். ஆர்ச்சரை உபயோகித்த அத்தனை பேரும் ரகசியச் சொல்லையும் சாவியையும் புதிதாக மாற்றிக் கொள்ள நேர்ந்தது.

பலர் கூடி உபயோகிக்கும் சர்வரின் தொல்லையே இதுதான். அது பொதுக் கிணறு மாதிரி. ஒருவர் அஜாக்கிரதையாக இருந்தால் ஊருக்கே கேடு.

முதல் திருட்டு

ரகசியச் சொல் களவு போவது புதிய சங்கதி அல்ல. 1961-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் பலர் ஒரே சமயத்தில் உபயோகிக்கத் தக்க கம்ப்யூட்டர் ஒன்றை அமைத்தார்கள். ஆளுக்கு ஒரு ரகசியச் சொல். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 மணி நேரம். அது போதவில்லை. 1962-ல் அவர் என்ன செய்தார் தெரியுமா? ரகசியச் சொற்கள் அடங்கிய பட்டியலையே அச்சடித்துத் தரும்படி யந்திரத்துக்கு உத்தரவு கொடுத்தார். யந்திரமும் அச்சடித்துத் தந்து விட்டது! பல வருஷங்களுக்குப் பிறகு அவரே இதை ஒப்புக் கொண்டார்.

சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் யந்திரத்துக்கு ஒன்றுதான். ஆகவே, சொல்லோடு இன்னொரு சாட்சியும் வேண்டும்.

ஏ.டி.எம். சொல்லும் பாடம்

இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமானதே. ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க அட்டை கையில் இருக்க வேண்டும்; நாலு இலக்கம் மனத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் திருடனுக்குக் கிடைத்துப் பயனில்லை. சர்வருக்கும் அப்படியே. மனத்தில் ரகசியச் சொல், கையில் செல்போன்.

செல்போன் திரையில் ஆறு இலக்கம் தோன்றுகிறது. 30 விநாடிக்கு ஒரு முறை அது மாறி விடுகிறது. சர்வருக்கு அது எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை, புள்ளிக் கட்டம் போட்ட படத்தின் மூலம், சர்வரும் செல்போனும் ஒரு நீண்ட ரகசிய எண்ணைப் பகிர்ந்து கொள்கின்றன. 1970 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து எத்தனை 30 விநாடிகள் கழிந்தன என்று இரண்டும் தனித்தனியே எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையையும் ரகசிய எண்ணையும் ஒரே முறையில் கலந்து கணக்கிடுகின்றன. இரண்டு இடத்திலும் விடை ஒன்றே! இதற்கான பொது முறை 2011-ல் வெளியிடப்பட்டது. செல்போனுக்கு சிக்னல்கூட வேண்டாம். கடிகாரம் சரியாக ஓடினால் போதும்.

அமைப்பது எப்படி?

முதலில், ஆளுக்கு ஒரு தனிக் கணக்கு வேண்டும். பத்துப் பேருக்கு ஒரே சொல் என்ற பழக்கம் உதவாது. அடுத்து, சர்வரின் கடிகாரம் தானாகவே திருத்திக் கொள்ளும்படி வைக்க வேண்டும்.

லினக்ஸ் சர்வரில் நுழைவோரை விசாரிக்கும் பகுதிக்கு 'பாம்' என்று பெயர். அதோடு 'கூகுள் ஆதெண்டிகேட்டர்' என்ற துணைப் பகுதியைச் சேர்க்கலாம். ஒவ்வொருவரும் தம் கணக்கில் அதை ஒரு முறை இயக்கினால் படம் தோன்றும். செல்போனால் அதைப் பிடித்துக் கொள்ள வேண்டும். கூடவே எட்டு இலக்கத்தில் ஐந்து அவசர எண்கள் கிடைக்கும். செல்போன் தொலைந்து போனால் இவைதான் கை கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். காகிதத்தில் எழிதிப் பத்திரப்படுத்துங்கள். அந்தச் செல்போனிலேயே எழுதி வைத்தால் என்ன பயன்?

எல்லோரும் பதிந்து கொண்ட பிறகே நிர்வாகி ஆறு இலக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தூரத்திலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். முறையில், ரகசியச் சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பு வைத்திருப்பவர் பலர். "சாவியும் வேண்டும், எண்ணும் வேண்டும்" என்று தெளிவாக விதி எழுதாவிட்டால், சாவிக்காரரை எண் கேட்காமலே சர்வர் உள்ளே விட்டு விடும்! 2020-ல் களவு போனவற்றுள் இத்தகைய சாவிகளும் உண்டு. நள்ளிரவில் தானாக நகல் எடுக்கும் வேலைகளுக்கு எண் சொல்ல ஆள் இராது; அவற்றுக்கு அந்த ஒரு வேலை மட்டுமே செய்யக்கூடிய தனிச் சாவி கொடுப்பது நலம்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: விதியை மாற்றும்போது, ஏற்கெனவே நுழைந்திருக்கும் இணைப்பை மூடக் கூடாது. வேறொரு ஜன்னல் திறந்து, புதிதாக நுழைந்து பாருங்கள். எழுத்து ஒன்று பிசகினாலும் நிர்வாகியே வெளியில் நிற்க வேண்டியதுதான்!

ஓர் எச்சரிக்கை

இதுவும் இரும்புக் கோட்டை அல்ல. "ஆபீசிலிருந்து பேசுகிறேன், எண்ணைச் சொல்லுங்கள்" என்று எவனாவது கேட்டு, நாமும் சொல்லி விட்டால் பூட்டு என்ன செய்யும்? யார் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள்.

தினமும் அரை நிமிஷம் கூடுதலாகச் செலவாகும் என்று சிலர் முணுமுணுப்பார்கள். வாஸ்தவம். ஆனால் வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் யார் ஊருக்குக் கிளம்புகிறார்கள்?