அடுப்பு வாங்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

காலை ஏழரை மணி. இரண்டாவது ஈடு இட்லி பாதிதான் வெந்திருந்தது. மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்து, மெஸ் முழுக்கக் கரண்ட் போனது. நான் வழக்கமாகச் சாப்பிடும் இடம் அது. காஸ் செலவு கட்டுப்படியாகாமல், கடன் வாங்கி 5 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டும் மின்சார இட்லி ஸ்டீமரும் வாங்கிப் போட்டிருந்தார் நடத்துகிற அக்கா. "பிளக்கை மாட்டினா போதும்னு சொன்னாங்க சார்" என்றார். மாற்றாமல் விட்ட பழைய ஒயரின் உறை உருகித் தொங்கியது.

மின் அடுப்புக்கு மாறியது தப்பே இல்லை. 19 கிலோ வணிக சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 240 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் திறந்த பர்னரில் அதில் பாதிகூடப் பாத்திரத்துக்குள் போவதில்லை. மீதி அண்டாவின் பக்கவாட்டில் ஏறி மாஸ்டரின் முகத்தில்தான் அடிக்கிறது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை பாத்திரத்தில் இறங்கும். பாத்திரத்தைத் தூக்கினால் அடுப்பு தானே நின்றுவிடும். பர்னரின் திறன் 40 சதவீதம் என்று வைத்தால், ஒரு சிலிண்டரின் வேலையை ஏறக்குறைய 115 யூனிட்டில் முடிக்கலாம். இதை உங்கள் யூனிட் விலையால் பெருக்கி, நிலைக்கட்டணத்தையும் சேர்த்து, சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து ஒரு தாளில் எல்லாக் கருவிகளின் கிலோவாட்டையும், அவை ஓடும் நேரத்தையும் எழுதுங்கள். மாவை இரவே அரைத்துவிட்டால் காலையில் கிரைண்டரும் ஸ்டீமரும் மோதாது. இப்படி நேரத்தைப் பிரித்தாலே மின்வாரியத்திடம் கேட்க வேண்டிய லோடு குறையும். 5 கிலோவாட் அடுப்பு ஒன்று சிங்கிள் பேஸில் 22 ஆம்பியர் இழுக்கும். எனவே திரீ பேஸ், தனித்தனி சர்க்யூட், முறையான எர்த், ஈரத் தரையில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எல்லாம் தேவை. இவற்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்ய வேண்டும். அலுமினிய அண்டா சாதாரண இண்டக்‌ஷனில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துப் பாத்திரம் வாங்குங்கள்.

வீட்டு இணைப்பில் மெஸ் நடத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி அது அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடலாம். ஆனால் முதலில் வருவது தற்காலிக மதிப்பீடுதான். அதற்கு ஆட்சேபம் எழுதித் தரலாம்; மதிப்பீடு கைக்கு வந்த 30 நாளுக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். இறுதி உத்தரவும் பாதகமானால், 127-ஆம் பிரிவின்படி பாதித் தொகையைக் கட்டி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பயந்துபோய் அன்றே யார் கையிலாவது பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கூடுதல் லோடு கேட்டு அலைகிறீர்களா? 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், புதிய இணைப்புக்கும் இணைப்பு மாற்றத்துக்கும் பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. புதிய மின்பாதை போட வேண்டியிருந்தால் கூடுதல் நாள் ஆகும். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். தாமதமானால் தமிழ்நாட்டில் மின்னகம் புகார் மையம் 94987 94987, பிறகு வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர். பில் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிப்பதானாலும் 15 நாள் எழுத்து மூலமான நோட்டீஸ் கட்டாயம்.

அடுப்பே பழுதாக வந்தால்? "கடைக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரையும் நுகர்வோராகவே ஏற்கிறது. பில்லோடு 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம்.

அந்த அக்காவுக்கு ஒயர் மாற்ற ஆன செலவைவிட, மூடிக் கிடந்த நாட்களின் இழப்புதான் பெரிது. இன்றிரவு கடை அடைத்ததும், உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். அடுப்புக்கு முன்பணம் கொடுப்பது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.