மந்திரி கண்ட சேரி

"எதைப் பற்றி எழுதுவது?" என்று எழுத்தில் ஆசையுள்ள இளைஞர்கள் நம்மைக் கேட்பதுண்டு. பூவிருந்தவல்லிக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள குன்றத்தூரை அவர்களுக்குச் சுட்டிக் காட்டுவோம். சேக்கிழார் பிறந்த ஊர் அது.

12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அவர் மந்திரியாக இருந்தார். அரசன் சிந்தாமணிச் சுவையில் மயங்கியிருப்பதைக் கண்டு தொண்டர் சரிதத்தைப் பாடப் புகுந்தார் என்பார்கள். கையிலிருந்த சரக்கோ சொற்பம். சுந்தரர் 11 பாடல்களில் தொண்டர்களின் பெயர்களைத் தொகுத்திருந்தார். நம்பியாண்டார் நம்பி ஓர் அந்தாதியில் சற்று விரித்திருந்தார். அவ்வளவுதான். அது 4,000-க்கு மேற்பட்ட பாடல்களாக வளர்ந்தது எப்படி?

பெயருக்குப் பின்னால் ஊரையும் தொழிலையும் அவர் பார்த்தார். காஞ்சி வண்ணார், நாகை பரதவர், திருவொற்றியூர்ச் செக்கார் ஆகிய ஒவ்வொருவருக்கும் தம் தொழிலிலேயே சோதனை வருகிறது.

நந்தனாரின் ஆதனூர்ச் சேரியைப் பாருங்கள். மருத நிழலில் சிறு தோலின்மேல் குழந்தையை உறங்க வைக்கிறாள் உழத்தி. வஞ்சி நிழலில் புதைத்த பானைக்குள் கோழி அடைகாக்கிறது. மாமரத்தில் பறைகள் தொங்குகின்றன, தென்னையடியில் நாய்க்குட்டிகள். நம் நாளில் பெரிய உத்தியோகஸ்தர்கள் மோட்டாரில் கடந்துவிடும் இடம்! அந்த மந்திரியோ கோழி அடையிருக்கும் பானையைக்கூட விடவில்லை.

ஆயினும் அதே நந்தனாரைத் தீயில் மூழ்குவித்த பிறகே தில்லைக் கோயிலுக்குள் அனுப்புகிறது அவருடைய காவியம். வகுப்பில் அந்த இடம் வரும்போது பிள்ளைகள், "ஏன், ஸார்?" என்று கேட்கிறார்கள்.