சம்பளம் இல்லாத பதவிக்கு இவ்வளவு போட்டியா? அமெரிக்க பள்ளி வாரியத் தேர்தலில் பதவியில் இருப்பவர்கள் தோற்பது எப்போது?

அமெரிக்கத் தேர்தல் என்றாலே நமக்கு அதிபர் தேர்தல்தான் ஞாபகம் வரும். ஆனால் அதே வாக்குச்சீட்டில், கடைசிப் பகுதியில், பலர் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு பதவி இருக்கும். அதுதான் உள்ளூர் பள்ளி வாரிய உறுப்பினர் பதவி.

நம்ம ஊரில் பாடப்புத்தகம் மாறினால் மாநில அரசைக் கேள்வி கேட்போம். அமெரிக்காவில் பெற்றோர்கள் முதலில் கேள்வி கேட்பது, பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் வாரிய உறுப்பினரைத்தான். அவர் மறுபடியும் ஓட்டுக் கேட்டு வரும்போது என்ன நடக்கிறது? பார்க்கலாம்.

பள்ளி வாரியம் என்றால் என்ன?

அமெரிக்காவில் சுமார் 13 ஆயிரம் பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம் உண்டு. பொதுவாக 5 முதல் 9 உறுப்பினர்கள் இருப்பார்கள். பதவிக்காலம் பல மாநிலங்களில் 4 ஆண்டுகள், சில இடங்களில் 3 ஆண்டுகள்.

டெக்சாஸ், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் இந்தப் பதவிக்குச் சம்பளமே கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற மிகப் பெரிய நகரங்களில் நல்ல சம்பளம் உண்டு. ஆனால் அது விதிவிலக்குதான்.

அப்படி என்ன அதிகாரம் இருக்கிறது?

மாவட்டக் கல்வித் தலைமை அதிகாரியை நியமிப்பதும் நீக்குவதும் வாரியம்தான். ஆண்டு பட்ஜெட், ஆசிரியர் சம்பள ஒப்பந்தம், எந்தப் பள்ளியை மூடுவது, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவது என எல்லாவற்றுக்கும் வாரியத்தின் ஓட்டு வேண்டும். பல மாநிலங்களில் பள்ளிக்கான சொத்து வரியை நிர்ணயிப்பதும் இவர்கள்தான். அதாவது பிள்ளையின் படிப்பு, வீட்டு வரி இரண்டும் ஒரே மேஜையில் முடிவாகிறது.

மறுபடியும் போட்டியிடுபவருக்கு சாதகம் என்ன?

பொதுவாக பதவியில் இருப்பவருக்கே வாய்ப்பு அதிகம். பெயர் தெரிந்திருக்கும், பள்ளி விழாக்களில் முகம் பழகியிருக்கும். பல இடங்களில் எதிர்த்துப் போட்டியிட ஆளே இருக்காது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தத் தேர்தல்களில் ஓட்டுப் போட வருபவர்கள் குறைவு. கோபத்தில் இருக்கும் சில நூறு பெற்றோர்கள் ஒன்று சேர்ந்து வந்தாலே முடிவு மாறிவிடும். புதிதாக நிற்பவர் வாக்குறுதி கொடுத்தால் போதும். பழைய உறுப்பினருக்கு அது போதாது. எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்பது கூட்டக் குறிப்பில் பதிவாகி இருக்கும். அதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

8 பேரும் தோற்ற ஊர்

பென்சில்வேனியாவில் டோவர் என்று ஒரு சின்ன ஊர். 2004 அக்டோபரில் அங்குள்ள பள்ளி வாரியம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஒரு தீர்மானம் போட்டது. 9-ம் வகுப்பு உயிரியல் வகுப்பில், டார்வினின் பரிணாமக் கொள்கையில் இடைவெளிகள் இருப்பதாகவும், 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற மாற்றுக் கருத்து இருப்பதாகவும் மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அது. உயிர்களை ஏதோ ஒரு அறிவுள்ள சக்தி திட்டமிட்டுப் படைத்தது என்பதுதான் அந்தக் கருத்து.

எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒரு தம்பதி பதவியை ராஜினாமா செய்தனர். அந்த அறிக்கையை வாசிக்க அறிவியல் ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். நிர்வாக அதிகாரிகள் வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். இது மதத்தைப் பாடத்துக்குள் கொண்டு வரும் முயற்சி என்று 11 பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள்.

2005 நவம்பர் 4-ல் விசாரணை முடிந்தது. தீர்ப்பு வரவில்லை. நான்கே நாளில், நவம்பர் 8-ல், வாரியத் தேர்தல். மறுபடியும் போட்டியிட்ட பழைய உறுப்பினர்கள் 8 பேர். 8 பேருமே தோற்றார்கள். வழக்குப் போட்ட பெற்றோரில் ஒருவரும் வாரியத்துக்குத் தேர்வானார்.

டிசம்பர் 20-ல் தீர்ப்பு வந்தது. 'அறிவார்ந்த வடிவமைப்பு' அறிவியல் அல்ல, அதைப் பள்ளியில் புகுத்துவது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றார் நீதிபதி ஜான் ஜோன்ஸ். மனுதாரர்களின் வழக்குச் செலவுக்காக பள்ளி மாவட்டம் 10 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமான தொகையைக் கொடுக்க வேண்டி வந்தது. தீர்மானம் போட்டவர்கள் இழந்தது பதவியை மட்டும்தான். பணம் கட்டியது ஊர்.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது என்ன?

இது அண்மைக்கால உதாரணம். 2021 ஜனவரி. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் பள்ளி வாரியம், ஆபிரகாம் லிங்கன், ஜார்ஜ் வாஷிங்டன் பெயர்கள் உட்பட 44 பள்ளிகளின் பெயரை மாற்ற முடிவு செய்தது. 'முதலில் பள்ளியைத் திறங்க' என்று பெற்றோர்கள் கொதித்தார்கள். ஏப்ரலில் அந்த முடிவு ரத்தானது. அதற்குள், மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைச் சேர்த்து வந்த லோவெல் பள்ளியில் குலுக்கல் முறை கொண்டு வந்ததும் இன்னொரு சர்ச்சையானது.

பதவிக்காலம் முடியும் வரை பெற்றோர்கள் காத்திருக்கவில்லை. கையெழுத்து சேகரித்து, பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் தேர்தலைக் கொண்டு வந்தார்கள். 2022 பிப்ரவரியில் அலிசன் காலின்ஸ், கேப்ரியேலா லோபஸ், ஃபாவுகா மோலிகா ஆகிய 3 பேரும் நீக்கப்பட்டார்கள. ஒவ்வொருவரையும் நீக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்.

காலியான இடங்களுக்கு மேயர் 3 பேரை நியமித்தார். அதே ஆண்டு நவம்பரில் அவர்களும் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டி வந்தது. 2 பேர் ஜெயித்தார்கள். ஆன் சூ என்பவர் தோற்றார். பிரசாரத்தின்போது கருப்பின, லத்தீன் குடும்பங்களைப் பற்றி அவர் எழுதிய பதில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. மன்னிப்புக் கேட்டும் பலன் இல்லை. நீக்கப்பட்ட லோபஸ் மறுபடியும் நின்று பார்த்தார். அவரும் தோற்றார்.

குடியுரிமை இல்லாத பெற்றோர் ஓட்டுப் போடலாமா?

பொதுவாக முடியாது. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் முடியும். 2016-ல் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்த விதிப்படி, 19 வயதுக்குட்பட்ட பிள்ளை அந்த நகரில் வசித்தால், குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் ஓட்டுப் போடலாம். 2022-ல் ஒரு நீதிமன்றம் இதை ரத்து செய்தது. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது.

அங்கே விசாவில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாக்காளர் பதிவில் கொடுக்கும் விவரங்கள் குடியேற்றத் துறைக்குப் போக வாய்ப்பு இருப்பதாக நகரத் தேர்தல் துறையே எச்சரிக்கிறது. பதிவு செய்யும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, இதில் தெரிவது என்ன?

டோவர், சான் பிரான்சிஸ்கோ இரண்டுக்கும் அரசியலில் ஒற்றுமையே கிடையாது. ஒன்று பழமைவாதம் வலுவான ஊர், இன்னொன்று தாராளவாதத்துக்குப் பெயர் போன நகரம். ஆனால் தோற்றவர்கள் செய்த தவறு கிட்டத்தட்ட ஒன்றுதான். வகுப்பறைக்கு அப்போது என்ன தேவை என்பதை விட்டுவிட்டு, தங்களுக்குப் பிடித்த கொள்கைச் சண்டையை வாரியத்துக்குள் கொண்டு வந்தார்கள்.

சம்பளம் இல்லாத பதவிதான். ஆனால் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டுப் போகும் வீட்டில், கதவைத் திறப்பது அந்தத் தீர்மானத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் அம்மாவாகவே இருக்கலாம்.