ஊசி கோழிக்கு, மருந்து முட்டையில்

1893-இல் ஜெர்மன் மருத்துவர் பெலிக்ஸ் கிளெம்பெரர் டெட்டனஸுக்கு எதிராகக் கோழிகளுக்குத் தடுப்பாற்றல் ஏற்றினார். அவை இட்ட முட்டையின் மஞ்சள் கரு, எலிகளை டெட்டனஸிலிருந்து காப்பாற்றியது. கோழிக்குஞ்சுக்குத் தாய்ப்பால் கிடையாதே! அதனால் தாய்க்கோழி தன் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை மஞ்சள் கருவில் சேர்த்துச் சீதனமாகக் கொடுத்தனுப்புகிறது. அதற்கு ஐஜிஒய் என்று பெயர்.

எந்தக் கிருமிக்கு எதிர்ப்பொருள் வேண்டுமோ, அதன் செயலிழந்த வடிவத்தையோ அதன் ஒரு புரதத்தையோ கோழியின் மார்புத் தசையில் சில வார இடைவெளியில் ஊசியாகப் போடுவார்கள். முயலிடம் இதே வேலைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். கோழியிடம் முட்டை பொறுக்கினால் போதும். ஆனால் கோழிக்கு வலியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊசி ஊசிதான், உடன் சேர்க்கும் தூண்டுமருந்து கடுமையாக இருந்தால் தசை வீங்கும்.

பிரித்தெடுப்பதுதான் ரசமான கட்டம். முட்டையை உடைத்து, மஞ்சள் கருவை வடிதாளில் மெல்ல உருட்டுவார்கள். ஒட்டியிருக்கும் வெள்ளைக்கரு தாளோடு போய்விடும். சவ்வைக் குத்தி, வழியும் கருவோடு சுமார் பத்து மடங்கு நீர் சேர்த்து, லேசாக அமிலமாக்கிக் குளிரில் வைத்தால் கொழுப்பு திரண்டு அடியில் தங்கும். எதிர்ப்பொருள் மேலே தெளிந்த நீரில் இருக்கும். உப்பு சேர்த்து அதைப் படிய வைக்கலாம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிகிராம் கிடைக்கும். அதில் நாம் குறிவைத்த கிருமியைப் பிடிப்பது பத்தில் ஒரு பங்குக்குள்தான்.

கோழி நமக்குத் தூரத்து உறவு. பாலூட்டிகளின் புரதங்கள் அதற்கு அந்நியமாகத் தெரிவதால், முயல் கண்டுகொள்ளாதவற்றுக்கும் அது எதிர்ப்பொருள் உண்டாக்கும். சிலரின் ரத்தத்திலுள்ள மூட்டுவாதக் காரணி என்னும் எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனைகளில் செய்யும் குழப்படியும் கோழியின் எதிர்ப்பொருளிடம் பலிக்காது. அதே தூரம் இடைஞ்சலும் ஆகிறது: ரத்தத்தில் ஏற்றினால் நம் உடல் அதை அந்நியப் புரதமாக எதிர்க்கும். எனவே வாயும் குடலுமே இதற்கு வசதியான களம். அங்கும் இரைப்பையின் அமிலம் இதைச் சிதைக்கும். 70 டிகிரிக்கு மேல் சூடாக்கினாலும் வீரியம் போய்விடும். அவித்த முட்டையை நம்பிப் பயனில்லை.

பன்றிக்குட்டிகளுக்கு ஈ.கோலை கிருமியால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கத் தீவனத்தில் இதைக் கலந்து பார்த்து, பல சோதனைகளில் பலன் கண்டிருக்கிறார்கள். ஸ்வீடனில், நுரையீரலில் கெட்டியான சளி கட்டும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் சூடோமோனாஸ் கிருமியின் தொற்றைத் தவிர்க்க இரவுதோறும் இந்தக் கரைசலால் தொண்டையைக் கொப்பளித்து விழுங்கினர். தொடக்க ஆய்வுகளில் தொற்று தள்ளிப்போனது. பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நடந்த பெரிய சோதனையிலோ, மருந்து கொப்பளித்தவர்களுக்கும் போலிமருந்து கொப்பளித்தவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை.