சுடுகின்ற சுவருக்கு உயரமான பயிர்கள்

சீமெந்துக் கல்லும் தகரமும் விரைவில் வீடாகிவிடும். 1990, 1995, 2009 என்று மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த எமக்கு அவை ஆபத்துக்கு உதவின. ஆனால் மண்சுவரும் கிடுகுக் கூரையும் வேலியோரப் பூவரசும் உள்ள வளவுகளில் வாழ்ந்துவிட்டு, இரவு பத்து மணிக்கும் சுடுகின்ற சுவருக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பது எம்மில் பலருக்குத் தெரியும்.

கமம் செய்த கைகளுக்கு இதற்கொரு வழி உண்டு. சுவருக்கு முன்னால் உயரமான பயிர்களை நடுவதே அது.

சுவர் ஏன் சுடுகிறது?

சீமெந்துச் சுவர் பகல் முழுவதும் வெயிலின் சூட்டை வாங்கி வைத்து, பொழுது பட்ட பின் மெல்ல மெல்ல வீட்டினுள் விடுகிறது. ஆகவே வெயில் சுவரில் படுவதற்கு முன்பே அதைத் தடுக்க வேண்டும். இலைகள் வெயிலை மறைப்பதோடு, தம்மிலுள்ள நீரை ஆவியாக விட்டுச் சுற்றியுள்ள காற்றையும் தணிக்கின்றன. சீமெந்து முற்றத்திலிருந்து தெறிக்கும் வெக்கையும் ஒளியும் குறையும்.

எந்தப் பக்கம் நடுவது?

வளவு முழுவதும் நடத் தேவையில்லை. முதலில் மேற்குச் சுவரைப் பாருங்கள். பிற்பகல் வெயில் முழுவதையும் தாங்குவது அதுதான். யன்னல் இல்லாத சுவருக்கு முன்னால் நெருக்கமாக நடலாம். யன்னலுக்கு நேரே இடைவெளி விடுங்கள். வைகாசி தொடக்கம் வீசுகின்ற சோளகக் காற்று உள்ளே வர வேண்டும். அதை மறித்தால் நிழல் இருந்தும் புழுக்கம் போகாது.

எவ்வளவு காலம் இருப்போம்?

பயிரைத் தெரிவு செய்யும்போது இக்கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.

சில மாதங்கள் மட்டும் என்றால் சோளம், இறுங்கு போதும். தண்ணீர் கிடைத்தால் இரண்டு மாதத்தில் ஆள் உயரம் வரும். அவற்றோடு மரவள்ளித் தடிகளையும் மூன்றடி இடைவெளியில் ஊன்றிவிடுங்கள். சோளம் முறித்த பின் மரவள்ளி நிழல் தரும். எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கும் கிடைக்கும்.

ஓராண்டு, ஈராண்டு என்றால் வாழை, பப்பாசி, அகத்தி, முருங்கை நல்லவை. வாழையின் அகன்ற இலை சுவரை நன்றாக மறைக்கும். கிணற்றடித் தண்ணீரை வாய்க்கால் வெட்டி அதற்கு விடலாம். பப்பாசிக்கு அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். மண்ணை உயர்த்தி நடுங்கள். அகத்தியின் இலை கறிக்கும் ஆட்டுக்கும் உதவும். முருங்கைக்கு நான்கைந்து அடித் தடியை வெட்டி, சில நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்த பின் ஊன்றுங்கள்.

சொந்த வளவுக்குத் திரும்பியவர்கள் வேலியோரமாகச் சீமைக்கிளுவை, பூவரசுக் கதியால்களை நிரையாக நடலாம். தகர வேலி உள்ள இடத்திலும் இதுவே நல்லது. தகரம் துருப்பிடித்து விழும் காலத்தில் உயிர்வேலி தயாராக நிற்கும். சீமைக்கிளுவைத் தழை தோட்டத்துக்குப் பசளையுமாகும்.

நாம் செய்த தவறு

ஒரு முறை நாம் அவசரப்பட்டு வாழைக்குட்டிகளைச் சுவரோடு ஒட்டியே நட்டோம். ஓராண்டுக்குள் குட்டிகள் பெருகிப் புதராகின. சுவரின் அடியில் ஈரம் ஊறிப் பூச்சு உதிர்ந்தது. இரவில் பாம்புக்குப் பயந்து பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை. இறுதியில் எல்லாவற்றையும் கிண்டி அகற்றினோம்.

அதன் பின்பு சில வழக்கங்களைக் கைக்கொள்கிறோம். வாழையைச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளியே நடுகிறோம். தாய் மரத்தோடு ஒரு குட்டியை மட்டும் விட்டு, காய்ந்த சருகுகளை வெட்டி அடிக்கடி துப்புரவு செய்கிறோம். முருங்கைக் கொப்பு காற்றுக்கு இலகுவில் முறியும் என்பதால் கூரைக்கு மேலே வளர விடுவதில்லை. அதில் மயிர்க்கொட்டி பிடிக்கும். ஆகையால் யன்னலுக்கும் வாசலுக்கும் பக்கத்தில் நடுவதில்லை. வேம்பு, பூவரசு போன்ற பெருமரங்களை வீட்டுக்கும் கிணற்றுக்கும் நன்றாகத் தள்ளியே வைக்கிறோம். அவற்றின் வேர் கட்டைப் பிளக்கும்.

பிறர் காணியில் இருப்போருக்கு

சோளம், மரவள்ளி போன்றவற்றுக்கும் காணிக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிடுவது நல்லது. நீண்டகால மரங்களை, விசேடமாகத் தென்னையை, அவருடைய சம்மதமின்றி நட வேண்டாம். காணிக்கு உரிமை கோருவதாக அவர் எண்ணக்கூடும். நிழலுக்கு நட்ட மரம் பகைக்குக் காரணமாகக் கூடாது.

"நாளை எழும்பிப் போக வேண்டிய இடத்தில் ஏன் நடுவான்?" என்று சிலர் கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்னவற்றுள் பல கையோடு கொண்டு போகக் கூடியவை. மரவள்ளித் தடி, வாழைக்குட்டி, முருங்கைத் தடி, சீமைக்கிளுவைக் கதியால் ஆகியவற்றைச் சாக்கில் சுற்றி நனைத்து எடுத்துச் சென்றால், போகும் இடத்தில் மீண்டும் முளைக்கும். விட்டுச் செல்வது அடுத்து வருபவருக்கு நிழலாகும்.

இந்த மாரி தொடங்கும்போது மேற்குச் சுவருக்கு முன்னால் நான்கு குழிகள் வெட்டுங்கள். அடுத்த பங்குனி வெயிலில் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.