கித்தாருக்குப் பளபளப்பு, தேயிலைக்குத் தின்னர் நெடி



மளிகைக்காரனுக்கு எலெக்ட்ரிக் கித்தாரோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். சென்ற ஐப்பசி வரை எனக்கும் இல்லை. சீயமங்கலத்தில் எங்கள் கிடங்கையொட்டிய தாழ்வாரத்தில், என் பேரன் பழைய கித்தாரைத் தேய்த்துச் சுத்தம் செய்து, டப்பா ஸ்பிரேயால் லாக்கர் கிளியர் கோட் அடித்தான். "கார் பெயிண்டை ஏண்டா இதற்கு?" என்றேன். அமெரிக்காவின் பெண்டர் கம்பெனியே 1950களில் கார் பெயிண்டைத்தான் கித்தாருக்கு அடித்ததாம்.

அடைமழைக் காலம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்தது. கனமாக அடித்த இடம் வழிந்தது. அது அவன் பாடு. தை மாத வெயிலில் தேய்த்துவிட்டு, மெல்லிசாகப் பல தடவை அடித்துச் சரி செய்துகொண்டான்.

என் பாடு வேறு. கிடங்கில் இருந்த இரண்டு பெட்டித் தேயிலையிலும் மறுநாள் தின்னர் நெடி! தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியாததா? விற்க மனம் வரவில்லை, குப்பையில் கொட்டினேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும், தீப்பொறி பட்டால் பற்றும். நாலு எட்டில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கிளியர் கோட் வேண்டுமென்று அடுத்துக் கேட்டான். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகமூடி அதைத் தடுக்காது. கூடாது என்றுவிட்டேன்.

இப்போது களத்துமேட்டில் வைத்து அடிக்கிறான். தூசி ஒட்டுகிறது என்று முனகுகிறான். முனகட்டும்.