பனிமலையில் பாதை தேடுவோம்

ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலை உங்களுக்குத் தெரியும். அவர் பனிச்சறுக்கு வீரரும்கூட! 1894 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலிருந்து, உள்ளூர் பிராங்கர் சகோதரர்கள் இருவருடன் புறப்பட்டு, சுமார் 2,440 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்து அரோசா என்ற ஊரை அடைந்தார். மூவரும் விடியுமுன்பே கிளம்பிவிட்டனர். வெயில் ஏறினால் பனி இளகும்; இளகிய பனி எளிதில் சரியும்.

இத்தகைய மலையேற்றத்தில் சறுக்குப் பலகைகளுடனேயே மேலே ஏற வேண்டும். அதற்காகப் பலகையின் அடியில் மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டுகிறார்கள். அதன் மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கிச் செல்லும், பின்னே நழுவாது. முன்பு சீல் தோல் பயன்பட்டது. இன்று ஆட்டு மயிரும் நைலானும் பயன்படுகின்றன. உச்சியை அடைந்ததும் பட்டையைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்கலாம்.

ஆனால், பனிச்சரிவு என்னும் ஆபத்து காத்திருக்கிறது. மலைமீது பனி ஒரே நாளில் குவிவதில்லை, அடுக்கடுக்காகப் படிகிறது. தரையை ஒட்டிய பனி ஏறத்தாழ 0° செல்சியசில் இருக்க, மேற்பரப்போ கடுங்குளிரில் இருக்கும். இவ்வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, சர்க்கரைப் பரல்களைப் போன்ற படிகங்களாக உறைகிறது. பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. அவற்றின்மீது காற்று கொண்டுவந்து குவித்த இறுகிய பனிப்பாளம் அமர்ந்தால், ஒரு மனிதரின் எடையே அதை உடைத்துவிடப் போதும். பனிச்சரிவில் சிக்குவோரில் பெரும்பாலோர், தாங்களோ தம் தோழர்களோ கிளப்பிய சரிவில்தான் சிக்குகின்றனர்.

பாளம் சரிவதற்கு வழக்கமாக 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வு தேவை. வீட்டிலிருந்தபடியே இதைக் கணக்கிடலாம். சுவிட்சர்லாந்தின் 1:25,000 மலை வரைபடங்களில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படுகின்றன. 30 பாகைச் சாய்வில் 20 மீட்டர் உயர்வதற்குக் கிடையாகச் சுமார் 35 மீட்டர் செல்ல வேண்டும். வரைபடத்தில் இது 1.4 மில்லிமீட்டர். கோடுகள் அதைவிட நெருங்கியிருந்தால், அங்கே சாய்வு 30 பாகையைத் தாண்டிவிட்டது என்று பொருள். நாம் செல்லும் பாதை மட்டும் சாய்வு குறைந்திருந்தால் போதாது. மேலேயுள்ள சரிவிலிருந்தும் பனி வந்து மூடலாம்.

டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில் 1936-ஆம் ஆண்டிலிருந்தே பனி ஆய்வு நடந்துவருகிறது. டாவோஸ் ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் அபாய அறிக்கை வெளியிடுகிறது. ஐரோப்பா முழுவதும் அபாயம் 5 படிகளாகக் குறிக்கப்படுகிறது. நடுவிலிருக்கும் 3 என்ற எண் அச்சமூட்டாது. ஆயினும், சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு உயிரிழப்புகளில் ஏறக்குறைய பாதி 3-ஆம் படியில்தான் நேர்கிறது! 4, 5 என்றால் மக்கள் தாமே ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

எனவே, ஐயமுள்ள சரிவை ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும். அப்போது பனி சரிந்தாலும் மற்றவர்கள் மீட்பதற்கு இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் சிறு வானொலிக் கருவி, துழாவும் கோல், மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். புதையுண்டவரைக் கருவி இருக்குமிடம் காட்டும், கோல் ஆழம் காட்டும், மண்வாரி தோண்டும். 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்படுவோரில் 10-க்கு 9 பேர் பிழைக்கிறார்கள். அரைமணி கடந்தால் ஏறக்குறைய மூவரில் ஒருவரே பிழைக்கிறார். ஊரிலிருந்து மீட்புக் குழு வந்து சேர அதைவிட நேரமாகலாம். அந்த 10 நிமிடங்களில் உதவக்கூடியவர்கள் உடன் வந்த தோழர்கள்தாம்.